“பைபிளை மாத்திட்டாங்களாமே?”: வேலை இடத்தில் வரும் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வது

கேள்வி இதுதான்: “கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். டீ டைமில் நண்பர்கள் கேட்கிறார்கள்: பைபிளை மாத்திட்டாங்களாமே? வெள்ளைக்காரன் மதம்தானே? உங்களுக்கு மூணு சாமியா? ஆயுத பூஜைப் பொரியை ஏன் தொட மாட்டேங்கிற? உங்க சர்ச்சுல மட்டும் சாதி இல்லையா? ஒன்று, கோபம் வருகிறது. இல்லையென்றால் வாயடைத்துப் போகிறேன். என்ன செய்வது அண்ணா?”

தம்பி, நாம் அடிக்கடி சொல்லும் 1 பேதுரு 3:15-ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.” இன்றைக்கு உத்தரவு என்றால் மேலிருந்து போடும் ஆணை. பழைய தமிழில் அது மறுமொழி. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘அப்பொலோகியா’ என்ற சொல். குற்றம் சாட்டப்பட்டவர் மன்றத்தில் எழுந்து தன் தரப்பை எடுத்துச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் வழங்கிய சொல் அது. ஆகவே நாம் கூண்டில் நின்று பதில் சொல்கிறவர்கள். தீர்ப்புச் சொல்லும் நாற்காலி நம்முடையது இல்லை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கோபத்தில் பாதி போய்விடும். “விசாரித்துக் கேட்கிற” என்ற சொற்களையும் விட்டுவிடாதீர்கள். கேட்டவருக்கு, கேட்டதற்குப் பதில்.

அளவும் முக்கியம். டீ டைம் பத்து நிமிடம் என்றால் உங்கள் பதில் இரண்டு நிமிடம். மூன்று நான்கு வாக்கியம், அவர் தானே போய்ப் பார்க்கக்கூடிய ஓர் ஆதாரம், அவ்வளவுதான். அதற்கு முன் ஒரு கேள்வி நீங்கள் கேட்க வேண்டும்: “இதை எங்க கேட்டீங்க? எந்த இடத்தை மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க?” மடக்குவதற்காகக் கேட்கும் கேள்வி இல்லை இது. ஒருவர் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்திருப்பார். இன்னொருவருக்கு அவருடைய ஊர்ப் பாதிரியாரோடு பழைய சண்டை இருக்கும். இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டிய பதில் வேறு வேறு. தெரியாததற்கு “தெரியல, பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லலாம். ஆனால் ஒரு வாரத்துக்குள் நீங்களாகவே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், அடுத்த முறை அந்த வார்த்தை நழுவல் என்றே எடுத்துக்கொள்ளப்படும். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் பதில் எழுதவே எழுதாதீர்கள். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

சபைத் தமிழை வெளியே அப்படியே எடுத்துப்போவதும் பெரிய சிக்கல். ‘புறஜாதியார்’ என்று வேதாகமம் சொல்வது இஸ்ரவேலரல்லாத பிற இனத்தாரை. வெளியில் இருப்பவர் காதில் விழுவது ‘ஜாதி’ என்ற பாகம் மட்டுமே. ‘பாவி’ என்பது தமிழில் வசைச்சொல். “அடப்பாவி” என்று திட்டுகிற ஊரில் ஒருவரைப் பார்த்து “நாம எல்லாரும் பாவிகள்” என்றால், ‘நாம’ அவருக்குக் கேட்காது. “கடவுள் முன்னால கணக்குத் தீர்க்க முடியாத கடன்காரங்க நாம” என்றால் புரியும். ஆண்டவரும் மத்தேயு 18-இல் கடனைத்தான் உவமையாக வைத்தார். கிருபை என்றால் ‘தகுதி பார்க்காமல் தருவது’, இரட்சிப்பு என்றால் ‘மீட்பு’. “இரட்சிக்கப்பட்டீங்களா?” என்ற கேள்வியைச் சபைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேள்விகளுக்கு வருவோம்.

பைபிளை மாற்றிவிட்டார்கள் என்பதற்கு “மாத்தவே இல்ல, ஒரு எழுத்துகூட மாறல” என்று பதில் சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை. கையால் பிரதி எடுத்த எந்த நூலிலும் வேறுபாடு இருக்கும். சங்க இலக்கியத்துக்குப் பாடபேதம் இருப்பது போலத்தான். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் துண்டும் முழுமையுமாக 5,000-க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. பிரதிகள் பெருகினால் வேறுபாடுகளும் பெருகும். ஆனால் எது எங்கே மாறியது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வழியும் அதே பிரதிகள்தான். ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டலும் சொல் வரிசையும். பெரியவை சில உண்டு: மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை. இந்த இரண்டும் மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் இல்லை. இதை அவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.

ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அது. பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) 1 யோவான் 5:7-ஐத் திறந்தால், பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவர் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்றும், மூவரும் ஒன்று என்றும் இருக்கும். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்துக்கு இதைவிடத் தெளிவான வசனம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் பழைய கிரேக்கப் பிரதிகளில் இந்த வரி கிடையாது. எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிபெயர்ப்புகளுக்குப் போயிற்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அந்த வரி இல்லை. நீங்கள் இதை ஆதாரமாகக் காட்ட, எதிரில் இருப்பவர் போனில் தேடிப் பார்த்தால், நீங்கள் அதுவரை சரியாகச் சொன்ன பத்தும் அந்த ஒன்றோடு போய்விடும். திரித்துவத்தைக் காட்ட மத்தேயு 28:19, யோவான் 1:1, 2 கொரிந்தியர் 13:14 இருக்கின்றன, அவை போதும்.

ஆதாரம் ஒன்று கையில் வேண்டும் என்றால் இரண்டு சொல்கிறேன். மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் நற்செய்தியின் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. ஏறத்தாழ 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு பக்கமும் எழுத்து: ஒரு பக்கம் 18:31-33, மறுபக்கம் 37-38, ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நடந்த இயேசுவின் விசாரணை. பெரும்பாலான அறிஞர்கள் அதை 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். இன்னொன்று பழைய ஏற்பாட்டுக்கு. 1947-இல் சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் 7 மீட்டருக்கு மேல் நீளம்; கிறிஸ்துவுக்கு முந்தியது. அதுவரை நம்மிடம் இருந்த முழு எபிரெயப் பிரதிகள் கி.பி. 1000-ஐ ஒட்டியவை. நடுவில் ஓராயிரம் ஆண்டு. ஒப்பிட்டபோது எழுத்துக்கூட்டல் வித்தியாசம் ஏராளம், சில இடங்களில் சொல் வித்தியாசமும் இருந்தது. ஆனால் அது அதே ஏசாயா. இதற்கு மேல் கூட்டிச் சொல்லாதீர்கள். எழுதியது பெரும்பாலும் அப்படியே வந்திருக்கிறது என்பதைத்தான் இது காட்டும். எழுதியது உண்மையா என்பது வேறு கேள்வி.

“கான்ஸ்டன்டைன்தான் நிசேயாவில உக்காந்து பைபிளைத் தொகுத்தார்” என்று ரோமப் பேரரசரைப் பற்றியும் சொல்வார்கள். 325-இல் கூடிய நிசேயா சங்கம் என்ற பிஷப்புகளின் கூட்டம் பேசியது குமாரன் பிதாவோடு எப்படிச் சமமானவர் என்பதை. எந்த நூல்கள் வேதாகமம் என்று அங்கே முடிவு செய்யவில்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களும் அப்படியே வரும் பட்டியல் 367-இல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அதற்கு வெகு காலம் முன்பே சபைகளில் வாசிக்கப்பட்டு வந்தவை.

வெள்ளைக்காரன் மதம் என்பதற்கு ஒரே ஒரு செப்பேடு போதும். கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் நிலமும் உரிமைகளும் கொடுத்த பட்டயம் அது, காலம் கி.பி. 849 என்கிறார்கள். எழுத்து வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பாரசீகப் பகலவி, எபிரெய எழுத்துகளில் இருக்கின்றன. வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-இல் இங்கே வந்தார் என்பது நம்முடைய பாரம்பரியம்; அதைப் பாரம்பரியம் என்றே சொல்லுங்கள், கல்வெட்டு இருப்பது போலப் பேசாதீர்கள். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம். சீகன்பால்க் என்ற மிஷனரி 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் ஜெர்மானியர், அனுப்பியது டென்மார்க் அரசர். ஆங்கிலேய ஆட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியோ 1813 சாசனச் சட்டம் வரும்வரை மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் விரும்பவில்லை. அதனால்தான் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி, கல்கத்தா பக்கம் டேனியர் கையில் இருந்த செராம்பூரில் போய் உட்கார்ந்தார். ஆனாலும் 1560-இல் கோவாவில் தொடங்கிய மதவிசாரணை மன்றம் செய்த கொடுமையையும், பின்னாளில் வெள்ளை அதிகாரத்தின் நிழலில் சபைகள் அடைந்த சலுகையையும் மறைக்காதீர்கள். கேட்பவருக்கு அது தெரிந்திருக்கும். நீங்கள் சொல்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்.

இதோடு ஒட்டி வருவது “சலுகைக்காக மாறினவங்க” என்ற பேச்சு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்த ஆணை திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. சலுகை கூடவில்லை, குறைந்திருக்கிறது. அதே மூச்சில் நம் பக்கத்துக் கடமையும் உண்டு. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடமோ, உங்களிடம் கடன் வாங்கியவரிடமோ நீங்களாக விசுவாசப் பேச்சை எடுக்காதீர்கள். அவரால் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரிடம் வாங்கிய ‘சரி’க்கு ஆண்டவர் முன்பும் மதிப்பில்லை.

மூன்று சாமியா என்பதற்குப் பதில் ‘இல்லை’ என்பதில் தொடங்கட்டும். “நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்” என்ற உபாகமம் 6:4 நமக்கும் அடிப்படை. பிறகு உவமை சொல்ல வாய் துடிக்கும். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்பார்கள். ஒன்றே மூன்று வேடம் போடுகிறது என்று ஆகிவிடும், அதைச் சபை 3-ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் கடவுளைக் கூறு போட்டதாகும். “இந்த ஒரே கடவுளை இயேசு பிதா என்று கூப்பிட்டார், அவரே கடவுளுக்குரிய வணக்கத்தை ஏற்றார், ஆவியானவரை அனுப்புவேன் என்றார், மூன்றையும் விட்டுக்கொடுக்காமல் சொல்ல எடுத்த முயற்சிதான் திரித்துவம் என்ற சொல்” என்று நிறுத்துங்கள். முழுக்கப் புரிந்ததாக நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் நீங்கள் பேச்சைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய இடம் உயிர்த்தெழுதல். பவுலே எல்லாவற்றையும் அதன் மேல் வைத்தார்: “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா.” பிலாத்துவின் காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 15-இல் உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் எழுதியது சிலுவைக்கு இருபத்தைந்து ஆண்டுக்குள். அதைத் தானும் பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்று நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் கொடுக்காத சமூகத்தில், கதை கட்டுகிறவர் அப்படிக் கட்ட மாட்டார். “சீஷர்கள் உயிரைக் கொடுத்தார்களே, அதனால் உண்மை” என்ற வாதத்தை மட்டும் கவனமாக வையுங்கள். தவறான நம்பிக்கைக்காகவும் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அவர்கள் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை என்பதைத்தான் அது காட்டும். ‘விஞ்ஞான ரீதியாக நிரூபணம்’ என்ற சொல்லும் வேண்டாம். நியாயமான காரணங்கள் இருக்கின்றன, மீதி விசுவாசம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

பொரி விஷயத்துக்கு வருவோம். இதில் பதிலைவிட முகம் முக்கியம். 1 கொரிந்தியர் 10:25-28 சொல்வது தெளிவு: வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, “இது படைத்தது” என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் நிமித்தம் சாப்பிடாதே. நம் சபைகளில் இதைக் கடைப்பிடிப்பதில் வித்தியாசம் உண்டு. உங்கள் மனசாட்சி எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினைத் துடைக்கும் வேலையில் முதல் ஆளாக நில்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பதும் தரையைக் கழுவுவதும் வழிபாடு இல்லை. ஸ்வீட்டுக்குப் பணம் வசூலித்தால் உங்கள் பங்கைக் கொடுங்கள். தட்டு வரும்போது கையைப் பின்னால் இழுக்காதீர்கள், முன்னதாகவே நண்பரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, படைச்சதை நான் சாப்பிடறதில்ல. உங்க சாமியை மதிக்கலன்னு இல்ல. படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சது இருந்தா எனக்கு ரெண்டு கை குடுங்க.” பெரும்பாலும் ஒரு பொட்டலம் தனியாக வரும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொண்டுபோகும் கேக்கை ஒருவர் மறுத்தாலும் இதே மரியாதையை அவருக்குக் கொடுங்கள்.

சாதிக் கேள்வியில்தான் நம்மவர்கள் பொய் சொல்கிறார்கள். “எங்ககிட்ட சாதி இல்ல” என்பது தமிழ்நாட்டில் சொல்லக்கூடிய பதில் இல்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் வெவ்வேறு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண நடுவே சுவரே இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கல்லறைத் தோட்டத்தில் பிரிவு, மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயர், சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தலில் சாதிக் கணக்கு, எல்லாம் இன்றும் நடக்கிறது. இதற்குச் சரியான பதில் மூன்று வாக்கியம்: “இருக்கு. அது தப்பு. எங்க வேதம் அதைத்தான் கண்டிக்குது.” கலாத்தியர் 3:28-ஐயும் யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தையும் காட்டுங்கள். “அது கிறிஸ்தவம் இல்ல, ஆளுங்க பண்ற தப்பு” என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த கேள்வி “உன் தங்கச்சிக்கு எங்க மாப்பிள்ளை பாக்குறீங்க?” என்று வரும். அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் தயாராகும்வரை, இந்தத் தலைப்பில் உங்கள் குரல் தாழ்ந்தே இருக்கட்டும்.

உதவாத ஆதாரங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். யோசுவா காலத்தில் சூரியன் நின்றதால் காணாமல்போன நாளை நாசா கண்டுபிடித்தது என்பது கட்டுக்கதை. டார்வின் சாகும்போது மனம் திரும்பினார் என்பதை அவர் மகளே மறுத்திருக்கிறார். ரிக் வேதத்தின் பிரஜாபதி இயேசுதான் என்ற துண்டுப் பிரசுரமும், வள்ளுவர் தோமாவிடம் கற்றுத்தான் குறள் எழுதினார் என்ற பேச்சும் அதைவிட மோசம். ஆதாரம் இல்லை என்பது ஒரு பக்கம். அடுத்தவர் உயர்வாக வைத்திருப்பதை நம்முடையது என்று பிடுங்குவது போலத்தான் அவருக்குப் படும். வேளாங்கண்ணியில் சுனாமித் தண்ணீர் ஆலயத்துக்குள் நுழையவில்லை என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அதே ஊர்க் கடற்கரையில் யாத்திரிகர்கள் கொத்தாகச் செத்தார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்?

அந்தக் கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரும்: “உங்க கடவுள் நல்லவர்னா, என் பொண்ணுக்கு ஏன் கேன்சர்?” இதற்கு வாதம் இருக்கிறது, புத்தகம் புத்தகமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை எடுக்காதீர்கள். எல்லாம் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் கடவுளுடைய கோபத்துக்கு ஆளானார்கள். “எந்தப் பாவத்தாலோ” என்ற பேச்சை இயேசு இரண்டு இடத்தில் தள்ளியிருக்கிறார்: சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோதும், பிறவிக் குருடனைப் பார்த்தபோதும். “விசுவாசம் இருந்தா சுகமாகும்” என்று சொல்லி மாத்திரையை நிறுத்த வைப்பது கொலைக்குச் சமம். “ஏன்னு எனக்குத் தெரியலண்ணே” என்று சொல்லுங்கள். ஜெபிக்கட்டுமா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். சரி என்றால் கண்ணை மூடி, குரல் உயர்த்தாமல், அரை நிமிடம். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ராத்திரி வார்டில் துணைக்கு ஆள் இருக்கிறதா, பிளட் தேவைப்படுமா, சின்னவனை ஸ்கூலில் விட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.